துணையின்றி முடியாத ஆட்டம்

டோக்கியோவை அடுத்த மச்சிதாவில் வளர்ந்த சதோஷி தாஜிரியைப் பள்ளித் தோழர்கள் ‘பூச்சி டாக்டர்’ என்பார்கள். வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடிப்பதே அவர் பொழுதுபோக்கு. நாளடைவில் அங்கெல்லாம் கட்டடங்கள் எழும்பின, பூச்சிகள் மறைந்தன.

அந்த இன்பத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பித்தர விரும்பிய அவர், சுமார் 6 ஆண்டு உழைத்து, 1996 பிப்ரவரியில் ‘போக்கிமான்’ என்னும் கையடக்க வீடியோ விளையாட்டை வெளிக்கொணர்ந்தார். விந்தைப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி மோதவிடுவதே ஆட்டம்.

சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள். ஒன்றில் அகப்படும் சில பிராணிகள் மற்றதில் அகப்படா. இரண்டு ‘கேம்பாய்’ கருவிகளைக் கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தால்தான் 150 பிராணிகளும் சேரும். எவ்வளவு கெட்டிக்காரச் சிறுவனானாலும், ஆட்டத்தை முடிக்க ஒரு தோழனைத் தேடிப் போயே தீர வேண்டும்.