சான்றுச் சங்கிலி: கயவாகு காலக்கணிப்பை முன்வைத்து ஆய்வின் அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வு மாணவர் தம் ஆய்வேட்டில் பிறர் கண்ட முடிவுகளைப் பெருமளவில் எடுத்தாள்கின்றனர். அம்முடிவுகள் எந்தச் சான்றுகளின் மேல், எத்தனை படிகளில் எழுப்பப்பட்டன என்பதை அறியாமலே எடுத்தாளும்போது, ஆய்வு முந்தைய நூல்களின் தொகுப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆய்வு வினா, கருதுகோள், முதன்மைச் சான்று, துணைமைச் சான்று, மேற்கோள் நேர்மை ஆகிய அடிப்படைகளை, ‘சிலப்பதிகாரம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு’ என்னும் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் கயவாகு காலக்கணிப்பின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. சிலப்பதிகாரத்தின் காலத்தை வரையறுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

குறிச்சொற்கள்: ஆய்வு நெறிமுறை, ஆய்வு வினா, கருதுகோள், முதன்மைச் சான்று, மேற்கோள், சிலப்பதிகாரம், கயவாகு.

முன்னுரை

தமிழ்த் துறைகளில் ஆய்வின் நடைமுறைகளை மாணவர் கற்றுக்கொண்ட களமாக நெடுங்காலம் விளங்கியது ஆய்வியல் நிறைஞர் படிப்பு. சிறிய எல்லையுள்ள ஓர் ஆய்வேட்டை எழுதிப் பழகியபின் முனைவர் பட்ட ஆய்வுக்குள் நுழைவது வழக்கமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறைக்குப் பின் அப்படிப்பு நிறுத்தப்பட்டது. இன்று முதுகலை முடித்த மாணவர் நேரே முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகின்றனர். அவர்களுக்கெனப் பாடநெறியும் ஆய்வு அறம் குறித்த தாளும் உள்ளன. எனினும் தாளில் படித்த வரையறைகளை ஒரு சிக்கலின்மீது பொருத்திப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்துள்ளது. வரையறைகளைத் தனியே அடுக்காமல், அனைவரும் அறிந்த ஒரு சிக்கலோடு சேர்த்து விளக்குவது பயன் தரும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1. தலைப்பும் வினாவும்

‘சிலப்பதிகாரத்தின் காலம்’ என்பது ஒரு தலைப்பு. தலைப்பு ஆய்வின் களத்தைக் காட்டுமே அன்றி, அக்களத்தில் எதைத் தேடுவது என்பதைச் சொல்லாது. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கும் மாணவர், அத்தலைப்பில் வந்த நூல்களின் கருத்துகளை வரிசையாகத் தொகுத்து, இறுதியில் பெரும்பான்மையோர் கருத்தைத் தம் முடிவாக எழுதிவிட நேர்கிறது.

வினா இவ்வாறு அமையாது. ‘வரந்தரு காதையில் குறிக்கப்படும் இலங்கை வேந்தன் கயவாகுவை மகாவம்சத்தின் முதலாம் கசபாகுவோடு ஒன்றாகக் கொள்வதற்கு எந்தச் சான்றுகள் துணைநிற்கின்றன?’ என்பது வினா. இதற்கு ‘துணைநிற்கின்றன’ என்றோ, ‘இல்லை’ என்றோ, ‘இந்த அளவுக்கே துணைநிற்கின்றன’ என்றோ விடை வரலாம். எந்த விடை வரும் என்பது தொடக்கத்தில் தெரியாது. ஆய்வின் பயன் அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. விடை முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வினா, ஆய்வு வினா ஆகாது.

வினாவுக்கு ஆய்வாளர் தற்காலிகமாக முன்வைக்கும் விடையே கருதுகோள். நல்ல கருதுகோளுக்கு ஓர் இலக்கணம் உண்டு: எந்தச் சான்று கிடைத்தால் அதைக் கைவிட வேண்டும் என்பதை ஆய்வாளர் முதலிலேயே சொல்லக்கூடியவராய் இருத்தல் வேண்டும். எச்சான்று வந்தாலும் அசையாத கருத்து நம்பிக்கை எனப்படும். அதைச் சோதிக்க இயலாது.

2. முடிவைப் படிகளாகப் பிரித்தல்

வி. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம்’ என்னும் நூலின் வழியாகக் கயவாகு காலக்கணிப்புப் பரவலாக அறியப்பட்டது. கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் போன்ற வரலாற்றறிஞர்கள் இதனை ஏற்றனர். எஸ். வையாபுரிப் பிள்ளை இதனை ஏற்காது காப்பியத்தைப் பிற்காலத்ததாகக் கொண்டார். கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாடு குறித்து 1984இல் வெளியிட்ட நூலில், கசபாகு பற்றிய செய்திகளைத் தொன்மமாகக் கொண்டு, அவற்றை வைத்துக் காலம் கணிப்பதை மறுத்தார்.

மாணவர் இங்கே செய்யக்கூடிய எளிய செயல், ஏற்போர் பட்டியலையும் மறுப்போர் பட்டியலையும் எழுதி நிறுத்துவது. அதைவிடப் பயனுள்ள செயல், அந்த முடிவு எத்தனை படிகளால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது. அவ்வாறு பிரித்தால் பின்வரும் ஆறு படிகள் தெரிகின்றன.

(அ) செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு உடனிருந்தான் என்று வரந்தரு காதை கூறுகிறது.

(ஆ) அப்பகுதி காப்பியத்தின் மூலப் பகுதியே, பிற்சேர்க்கை அன்று.

(இ) அக்கயவாகு, மகாவம்சம் கூறும் முதலாம் கசபாகுவே.

(ஈ) முதலாம் கசபாகு கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்டான்.

(உ) காப்பியம் கூறும் அச்சந்திப்பு உண்மையில் நிகழ்ந்தது. ஆகவே செங்குட்டுவனும் அந்நூற்றாண்டினன்.

(ஊ) காப்பியம் அந்நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே இயற்றப்பட்டது.

இவ்வாறு பிரித்தவுடன், ஒரே வரியில் எழுதப்பட்டுவந்த முடிவு ஆறு தனித்தனிக் கூற்றுகளாகி நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டும் சான்று வேறு. முதற்படிக்குக் காப்பியத்தைத் திறந்து பார்த்தால் போதும். இரண்டாம் படிக்குச் சுவடிகளும் உரைகளும் வேண்டும். நான்காம் படிக்கு இலங்கை வரலாற்றுக் காலவரிசை தெரிய வேண்டும். ஒரு படி உறுதியானது என்பதால் அடுத்த படியும் உறுதியாகிவிடாது. சங்கிலியின் வலிமை அதன் நலிந்த கண்ணியின் வலிமையே ஆகும்.

3. சான்றுகளின் தரம்

ஆய்வுக்கு உரிய காலத்தைச் சார்ந்த அல்லது ஆய்வுப் பொருளாகவே அமைந்த மூலங்களை முதன்மைச் சான்று என்றும், அவற்றைப் பற்றிப் பின்வந்தோர் எழுதியவற்றைத் துணைமைச் சான்று என்றும் கூறுகிறோம். சிலப்பதிகாரம் முதன்மை, கனகசபைப் பிள்ளையின் நூல் துணைமை என்ற அளவில் பாடநூல்கள் நின்றுவிடும். நடைமுறையில் ஒரே நூலுக்குள்ளும் சான்றின் தரம் வேறுபடுகிறது. நான்கு எடுத்துக்காட்டுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

முதலாவது, சிலப்பதிகாரப் பதிப்பு. உ.வே. சாமிநாதையர் 1892இல் அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். வஞ்சிக் காண்டத்திற்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை. ஆகவே கயவாகு இடம்பெறும் வரந்தரு காதைக்கு அவ்விரிவுரையின் துணை நமக்கு இல்லை. கயவாகு பற்றிய மற்றொரு செய்தி உரைபெறு கட்டுரையில் வருகிறது. இப்பகுதி காப்பிய ஆசிரியர் எழுதியதா என்பதிலும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘சிலப்பதிகாரம் கூறுகிறது’ என்று எழுதுமுன், அதன் எப்பகுதி கூறுகிறது என்று குறிப்பிடுவது இதனால் இன்றியமையாததாகிறது.

இரண்டாவது, பதிற்றுப்பத்து. ஐந்தாம் பத்தில் பரணர் செங்குட்டுவனைப் பாடியுள்ளார். அப்பாடல்களில் கண்ணகியும் இல்லை, கயவாகுவும் இல்லை. பத்தினிக்குக் கல் கொண்டுவந்த செய்தி அப்பத்தின் பதிகத்தில் உள்ளது. பதிகங்கள் பாடல்களுக்குப் பின்னர்ச் சேர்க்கப்பட்டவை என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. பாடலையும் பதிகத்தையும் ஒன்றாக்கி, ‘பதிற்றுப்பத்தும் இதனை உறுதிசெய்கிறது’ என்று எழுதுவது, இருவேறு காலத்துச் சான்றுகளை ஒரே எடையில் வைப்பதாகும்.

மூன்றாவது, மகாவம்சம். பாலி மொழியிலான இவ்வரலாற்று நூல் முதலாம் கசபாகு 22 ஆண்டுகள் ஆண்டதாகக் கூறுகிறது. அந்த 22 ஆண்டுகளைக் கிறித்தவ ஆண்டுக் கணக்கில் பொருத்துவதற்குப் புத்தர் பரிநிர்வாண ஆண்டு தொடக்கமாகிறது. அதனைக் கி.மு. 544 எனக் கொள்வதா, கி.மு. 483 எனக் கொள்வதா என்பதைப் பொறுத்துக் கணக்கு 61 ஆண்டுகள் நகரும். இதனால் கசபாகுவின் ஆட்சியை 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைப்போரும் பிற்பகுதியில் வைப்போரும் உள்ளனர். நூற்றாண்டு மாறவில்லை என்பது உண்மை. ஆயினும் ஆண்டுகளைத் துல்லியமாகக் குறித்து எழுதுவோர் எந்தக் கணக்கைப் பின்பற்றினர் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

நான்காவது, கல்வெட்டு. கரூர் அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரர்களைக் குறிப்பிடுகிறது. அது பொறிக்கப்பட்ட நிலையிலேயே நமக்குக் கிடைத்துள்ளது. சுவடி படியெடுப்பில் நேரும் மாற்றங்களுக்கு அதில் இடமில்லை. எனினும் அதில் செங்குட்டுவன் பெயர் இல்லை. சேரர் இருப்புக்கு அது வலிய சான்று. செங்குட்டுவன் காலத்திற்கு நேரடிச் சான்று அன்று. வலிய சான்றாயினும் அது கூறாத ஒன்றைக் கூறியதாகக் கொள்ளுதல் ஆகாது.

4. இல்லாமையைச் சான்றாக்குதல்

மகாவம்சம் கசபாகுவின் பௌத்தப் பணிகளைக் கூறுகிறது. செங்குட்டுவனையோ பத்தினி வழிபாட்டையோ கூறவில்லை. ஆகவே அச்சந்திப்பு நிகழவில்லை என்று முடிவு செய்துவிடலாமா? மகாவிகாரைத் துறவியரின் மரபில் தோன்றிய நூல், பௌத்தத்திற்குப் புறம்பான வழிபாட்டை விட்டுவிட்டிருக்கவும் கூடும். ஒரு நூல் ஒன்றைக் கூறாமை, அது கூறியிருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது என்று காட்டிய பின்னரே சான்றாகும்.

மறுபுறம், பிற்காலச் சிங்கள நூலான இராசாவலிய, கசபாகு சோழநாட்டின்மீது படையெடுத்துப் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்ததாகக் கூறுகிறது. இதனைச் சிலப்பதிகாரச் செய்திக்குத் துணையாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் இங்கே சேரனின் விருந்தினன் இல்லை. சோழநாட்டின்மீது படையெடுத்தவனே இருக்கிறான். மேலும் இந்நூல் பன்னூற்றாண்டுகள் பிற்பட்டது. சிலப்பதிகாரக் கதையே இலங்கையில் பரவி இம்மரபை உருவாக்கியிருந்தால், இரண்டும் தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டா. இரண்டு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்று எழுதுமுன், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா என்று வினவுதல் வேண்டும்.

ஆறாம் படியிலும் இத்தகைய இடைவெளி உண்டு. நிகழ்ச்சியின் காலமும் அதைப் பாடும் நூலின் காலமும் ஒன்றாதல் வேண்டும் என்பதில்லை. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சேக்கிழார், 7ஆம் நூற்றாண்டைச் சார்ந்த திருநாவுக்கரசரின் வரலாற்றைப் பாடியுள்ளார். காப்பியத்தில் ஒரு மன்னன் பெயர் வருவது, காப்பியம் அவனுக்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே உறுதியாகக் காட்டும். அவன் காலத்திலேயே எழுந்தது என்று கூற வேறு சான்று வேண்டும். இளங்கோவடிகள் செங்குட்டுவனின் தம்பி என்னும் செய்தியே அதற்குக் காட்டப்படுகிறது. அச்செய்திக்குச் சங்கப் பாடல்களில் ஆதரவு இல்லை.

5. மேற்கோள் நேர்மை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை அமையும் ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. அதற்கு மேற்பட்ட ஒப்புமையை மூன்று நிலைகளாகப் பிரித்து நடவடிக்கை வகுக்கிறது. 60 விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். மாணவர் இவ்விதியை நன்கறிவர்; ஒப்புமை எண்ணைக் குறைக்கப் பெரிதும் உழைக்கின்றனர்.

மென்பொருளின் கண்ணுக்குப் படாத குறை ஒன்று உண்டு. மகாவம்சத்தைத் திறந்தே பாராமல், வேறோர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலிருந்து மகாவம்ச இயல் எண்ணை எடுத்துத் தம் அடிக்குறிப்பாக இடுவது அது. சொற்கள் ஒத்திராமையால் ஒப்புமை எண் ஏறாது. ஆனால் படிப்பவர், இம்மாணவர் மூலத்தைக் கண்டார் என்று நம்புகிறார். முதல் ஆய்வேட்டில் எண் பிழையாக இருந்தால், அப்பிழை ஒவ்வோர் ஆய்வேடாகப் பயணம் செய்யும். பத்து ஆய்வேடுகளில் ஒரே செய்தி காணப்படும்போது அது பத்துச் சான்றுகளாகத் தோன்றும். உண்மையில் அது ஒரே கூற்றின் பத்துப் படிகள். மூலத்தைக் காண இயலாத நிலையில், ‘இன்னார் எடுத்துக்காட்டியவாறு’ என்று எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. அது படிப்பவருக்குச் சரியான வழியைக் காட்டுகிறது.

6. மாணவர் கைக்கொள்ளத்தக்க நடைமுறை

ஆய்வேட்டில் இடம்பெறும் முக்கியமான ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு தாள் ஒதுக்கலாம். அத்தாளில் அம்முடிவின் படிகளை எண்ணிட்டு எழுதலாம். ஒவ்வொரு படிக்கும் எதிரே மூலம், அதன் பகுதி, பதிப்பாசிரியர், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவற்றோடு, ‘நேரில் கண்டது’ அல்லது ‘பிறர் வழி அறிந்தது’ என்று குறித்துக்கொள்ளலாம். அப்படிக்கு எதிரான சான்று இருந்தால் அதே தாளில் எழுதுதல் வேண்டும். இறுதியில் ‘உறுதி’, ‘பொருந்தக்கூடியது’, ‘ஐயத்திற்குரியது’ என்னும் மூன்றில் ஒன்றை இடலாம்.

இத்தாள்கள் நெறியாளருடன் உரையாடுவதற்கும் உதவும். ‘இயல் எவ்வளவு முடிந்தது?’ என்னும் வினாவோடு ‘எந்தப் படி உறுதிப்படவில்லை?’ என்னும் வினாவும் உரையாடலில் சேரும். ஐயத்திற்குரியது என்று குறிக்கப்பட்ட படியே பல வேளைகளில் மாணவரின் சொந்த ஆய்வு வினாவாக மலரும்.

முடிவுரை

கயவாகு காலக்கணிப்பை ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளரின் உரிமை. ஏற்பவர் ஆறு படிகளையும் கடந்து வந்திருத்தல் வேண்டும். மறுப்பவர் எந்தப் படியில் தாம் நிற்கிறார் என்று காட்டுதல் வேண்டும். இரண்டும் இன்றி ‘அறிஞர் பலர் கருதுவர்’ என்று எழுதிக் கடப்பது, படிப்பவருக்குச் சோதிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. ஓர் ஆய்வேட்டின் முடிவு பின்னாளில் தவறென நிறுவப்படலாம். அப்போதும் அதன் படிகள் தெளிவாக வைக்கப்பட்டிருந்தால், அடுத்துவரும் மாணவர் எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஆய்வேடே காட்டிக்கொடுக்கும்.