நகர மறுக்கும் அறை

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, உப்புக்காற்றும் ஓய்வதில்லை. அங்குள்ள மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையில் வண்டிகளைப் பாராடாங் தீவில் சேர்க்கும் படகின் இரும்புப் பாலத்துக்கும், கேரவன் வண்டியில் பக்கவாட்டில் நீளும் அறைக்கும் எதிரி ஒன்றுதான்: துரு.

பொத்தானை அழுத்தியும் அறை நகரவில்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள். மின்னழுத்தம் சரிந்தால் 12 வோல்ட் மோட்டார் பாதியிலேயே நின்றுவிடும். முனைகளில் பச்சை பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்க வேண்டும். அடுத்தது ஃபியூஸ்.

மோட்டார் உறுமியும் அறை அசையாவிட்டால், பல வண்டிகளில் ஷியர் பின் முறிந்திருக்கும். கியரைக் காப்பதற்காகவே முறியும்படி செய்த ஆணி அது. அதன் இடத்தில் கடினமான போல்ட்டைச் செருகினால் பற்சக்கரமே உடையும்.

அறையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புக்குச் சிலிக்கோன்தான் பூச வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். அவசரத்துக்குக் கைப்பிடியைச் சுழற்றி அறையை உள்ளிழுக்கலாம். அறை வெளியே நீண்டிருக்க, வண்டியை எடுக்கவே கூடாது.