டிராவுக்கு உடன்படாத கறுப்பு

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14ஆம் ஆட்டத்தில், சென்னையின் குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடி, அப்போதைய சாம்பியன் டிங் லிரெனை வென்றார். 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். டிங் செய்த தவறால் வந்த வெற்றி, குகேஷுக்கு அடித்தது அதிர்ஷ்டம் என்ற பேச்சு உடனே கிளம்பியது. தவறு நடந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தவறு எப்படி விளைந்தது என்று பார்த்தால், அதிர்ஷ்டம் என்று சொல்ல மனம் வராது.

செஸ்ஸில் முதல் நகர்த்தல் வெள்ளைக்கு. ஏராளமான ஆட்டங்களைக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு 52 முதல் 56 புள்ளிகள் வெள்ளைக்கே போகின்றன. அதனால் உயர்மட்டத்தில் கறுப்புக்கு டிரா கிடைத்தாலே நல்லது என்பார்கள். அன்றைய ஆட்டத்துக்கு முன் இருவருக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி; டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள். அவற்றில் டிங்கின் கை ஓங்கும் என்றே பலரும் கணித்தார்கள். அந்த டிராவை நோக்கித்தான் டிங் காய்களை வெட்டிக் குறைத்தார், ஒரு சிப்பாயையும் விட்டுக்கொடுத்தார். வெள்ளைக்குரிய சாதகத்தைக் கறுப்பு பறிக்கவில்லை; வெள்ளையே கீழே வைத்தது.

கடைசியில் இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் மூன்று சிப்பாய், டிங்கிடம் இரண்டு. சரியாக ஆடினால் டிராதான். ஆனால் அந்த நிலையில் தோற்கும் அபாயம் வெள்ளைக்கு மட்டுமே. குகேஷ் விடாமல் ஆடினார். 55ஆம் நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய பிஷப்போ ஏ8 மூலையில் இருந்தது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார். மூலையில் இருந்த பிஷப்புக்கு அந்த ஒரே குறுக்குப் பாதைதான். விலக இடமில்லை, பிஷப்புகளும் வெட்டுப்பட்டாக வேண்டும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால், அங்கே கூடுதல் சிப்பாய் ராணியாகிவிடும். 58ஆம் நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

கணினி டிரா என்று காட்டிய நிலையை எப்படி வெற்றி என்று கொண்டாடுவது என்று கேட்கலாம். கணினிக்குக் களைப்பு இல்லை. 14 ஆட்டங்கள் ஆடி ஓய்ந்த மனிதர், கடிகாரம் ஓட ஓட, ஒவ்வொரு முறையும் சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தச் சுமையை எதிராளியின் தலையிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருப்பதும் ஆட்டத் திறமையே. கறுப்புடன் வெல்வது இந்தத் தொடரில் புதிதும் அல்ல: முதல் ஆட்டத்தில் வெள்ளையுடன் ஆடிய குகேஷைக் கறுப்புடன் வீழ்த்தியவர் டிங். டிரா ஆகாத ஐந்து ஆட்டங்களில் இரண்டு கறுப்புக்குப் போயின.