சிறு சொல்லில் இருக்கிறது சரக்கின் கதி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை நடத்தும் நமக்கு வியாபாரம் தமிழில். காகிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். லாரி ரசீது, அட்டைப்பெட்டி, காப்பீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் இடத்தைக் குறிக்கும் சின்னஞ்சிறு சொற்கள் வருகின்றன. இரண்டெழுத்துதானே என்று தாண்டிப் போகிறோம். அங்கேதான் நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு பல வேலை செய்யும். 'கடையில்' என்றால் கடைக்குள் என்றும் பொருள். கடை இருக்கும் இடத்தில் என்றும் பொருள். 'சுவரில் காலண்டர்' என்பதிலும் அதே 'இல்'தான். ஆங்கிலம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. நான்கு சுவருக்குள் என்றால் 'இன்'. ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டு என்றால் 'ஆன்'. இன்ன இடம் என்று சுட்டினால் போதும் என்றால் 'அட்'.

'மேல்' என்பதும் அப்படியே. மேசையைத் தொட்டு நிற்கும் தராசுக்கு 'ஆன்'. தொடாமல் தலைக்கு நேர் மேலே சுழலும் மின்விசிறிக்கு 'ஓவர்'. உயரத்தில் கூடியது என்று மட்டும் சொல்ல 'அபவ்'. ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் நம் கடைக் கூரைகளுக்கு 'அபவ்'.

'கீழ்' என்பதற்கு 'அண்டர்', 'பிலோ' என இரண்டு உண்டு. சாக்லேட் பெட்டியில் '25 டிகிரிக்கு பிலோ' என்று அச்சிட்டிருந்தால், வெப்பம் அந்த அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுக்கினால், பெட்டி கூரைக்கு 'அண்டர்' இருக்கும். வெப்பம் 25க்கு 'பிலோ' இராது. சரக்கு உருகும்.

இனி காப்பீடு. பத்திரத்தில் 'இன்' போட்டு, கிட்டங்கிக்குள் உள்ள சரக்கு என்று எழுதியிருக்கிறது. நாமோ வற்றல் மூட்டைகளை வாசல் முற்றத்தில் அடுக்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தீ விபத்து நேர்ந்தால் 'நம் இடத்தில்தானே இருந்தது' என்போம் நாம். 'உள்ளே இல்லையே' என்பார்கள் அவர்கள். வெளியே அடுக்கும் வழக்கமுள்ளவர்கள், திறந்தவெளிச் சரக்கு என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துப் பத்திரத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

நம் மொழியில் இவை பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும். ஆகவே காகிதத்தில் இடத்தின் பெயரைக் கண்டதும் அதற்கு முன்னுள்ள சிறு சொல்லையும் பார்ப்போம். சந்தேகமென்றால் கேட்டுத் தெளிவோம். கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.