மாடிப்படிக்குக் கீழே அலமாரி: முதலில் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

மாடி வீடு உள்ளவர்கள் பலர், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் பழைய பெயிண்ட் டப்பா, உடைந்த ஸ்டூல், செருப்பு என்று போட்டு நிரப்பி வைத்திருப்பார்கள். அங்கே நல்ல அலமாரி செய்யலாம். ஆனால் மேற்பகுதி சாய்வாக இருப்பதால், சாதாரண அலமாரிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு பலகையைக் கண்ணளவில் வெட்டி அது பொருந்தாமல் போனால் வீணாவது உங்கள் பிளைவுட்தான். புரோகிராமில் ஒரு வரி தப்பானால் அழித்துவிட்டு மீண்டும் டைப் செய்யலாம். பிளைவுட்டுக்கு அண்டூ பட்டன் கிடையாது. எனவே மரக்கடைக்குப் போகும் முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டிலும், ஸ்கெட்ச்அப்பிலும் இந்த வேலையை முடித்துவிடுவோம்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். வீடு துடைக்கும் தண்ணீர் படாமல் இருக்க, அலமாரிக்கு அடியில் 4 அங்குல சிமெண்ட் திட்டு கட்டிக்கொள்வது நல்லது. உயரத்தைத் திட்டின் மேலிருந்து அளந்துகொள்ளுங்கள். கார்பெண்டர் அடி, அங்குலம், நூல் என்று பேசுவார். 1 நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 மி.மீ. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பூச்சு எங்கேயும் ஒரே சீராக இருக்காது. அதனால் முன்பக்கமும் சுவர்ப் பக்கமும் நாலைந்து இடங்களில் அளந்து, குறைவான அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, தாழ்ந்த முனையில் உயரம் 610 மி.மீ., அங்கிருந்து 2400 மி.மீ. தள்ளி உயர்ந்த முனையில் 2050 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1440. அதை 2400 ஆல் வகுத்தால் 0.6. இதுதான் சாய்வு. ஒவ்வொரு மி.மீ. நகரும்போதும் உயரம் 0.6 மி.மீ. கூடுகிறது.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து, ஒரு காலத்தில் 0, 600, 1200, 1800, 2400 என்று தூரங்களை டைப் செய்யுங்கள். அடுத்த காலத்தில், தாழ்ந்த முனை உயரத்துடன் தூரம் பெருக்கல் சாய்வைக் கூட்டி, இடைவெளிக்காக 10 மி.மீ. கழிக்கும் பார்முலாவைக் கொடுங்கள். உயரம், சாய்வு, இடைவெளி மூன்றையும் தனித்தனி செல்களில் வைத்து, பார்முலாவில் அவற்றை எஃப்4 கீயால் நிலைப்படுத்துங்கள். பிறகு கீழே இழுத்தால் 600, 960, 1320, 1680, 2040 என்று வந்துவிடும். நாளை அளவு மாறினாலும் ஒரு செல்லை மாற்றினால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரேஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நெட்டாக நிற்கும் பலகையின் கனம் 18 மி.மீ. மேலே சாய்வு 0.6 என்றால், பலகையின் இடது முகத்துக்கும் வலது முகத்துக்கும் உயர வித்தியாசம் 10.8 மி.மீ. நம் கார்பெண்டர் கணக்கில் மூன்றரை நூல்! படத்தில் ஒரே உயரத்தைப் போட்டுக் கொடுத்தால் ஒன்று இடிக்கும், அல்லது இடுக்கு விழும். ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு உயரங்களையும் எழுதுங்கள். ரம்பத்தை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை ஏடான், டிகிரீஸ் என்ற இரு பங்ஷன்கள் சொல்லிவிடும். 0.6 சாய்வுக்கு விடை 30.96, அதாவது 31 டிகிரி.

இன்னொன்று, சாய்ந்த மேல்பலகையின் நீளம். தரையில் 2400 தானே என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பிதாகரஸ் கணக்குப்படி அது 2799 மி.மீ. 8க்கு 4 அடி பிளைவுட்டின் நீளமே 2440 தான். எனவே 600 மி.மீ. அகலத்தில் நான்கு தனிப் பெட்டிகளாகப் பிரிப்பதே சரி. ஒவ்வொன்றின் மேல்பலகையும் 700 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

அடுத்து ஸ்கெட்ச்அப். 2006-ல் கூகுள் வாங்கி, 2012-ல் டிரிம்பிள் நிறுவனத்துக்கு விற்ற அதே புரோகிராம்தான். இப்போது இதன் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே இயங்குகிறது. மில்லிமீட்டர் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்து, லைன் டூலால் கோடு இழுத்து, மவுஸை விட்டுவிட்டு எண்ணை டைப் செய்து எண்டர் தட்டுங்கள். கோடு அதே நீளத்தில் நிற்கும். பெட்டியின் முன்பக்க வடிவத்தை வரைந்து, புஷ்/புல் டூலால் 900 மி.மீ. இழுத்தால் முப்பரிமாணத்தில் பெட்டி ரெடி. ஒவ்வொரு பலகையையும் தனித்தனிக் குரூப்பாக வைத்தால்தான் பின்னால் கழற்றி அடுக்க முடியும்.

அடுக்குவதில்தான் பணம் மிச்சமாகிறது. நான்கு கதவுகளுக்கும் சாய்வு ஒன்றே. ஆகவே ஒரு கதவைத் தலைகீழாகச் சுற்றினால் இன்னொரு கதவின் சாய்வோடு ஒட்டி உட்காரும். ரோட்டேட் டூலால் 180 டிகிரி சுற்றிப் பாருங்கள். முதல் கதவையும் மூன்றாவது கதவையும் தனித்தனிச் சதுரங்களாக வெட்டினால் 960 + 1680 = 2640 மி.மீ. வேண்டும். ஷீட்டில் இடம் போதாது. சாய்வோடு சாய்வாக ஒட்டி வைத்தால் 2280 தான். ரம்பம் தின்னும் 3, 4 மி.மீ. சேர்ந்தாலும் ஒரே பட்டையில் அடங்கும். பக்கத்துப் பட்டையில் நான்காவது கதவு. ஆக, ஒரு ஷீட்டில் மூன்று கதவுகள். பூ, இலை என்று மேல், கீழ் தெரியும் டிசைன் லேமினேட்டுக்கு மட்டும் இந்த வழி சரிவராது. ஒரு கதவில் பூ தலைகீழாகத் தொங்கும்.

ஆழம் 900 மி.மீ. இருப்பதால் உள்ளே தட்டுகள் மட்டும் அடித்தால், பின்னால் போன பொருள் அடுத்த பொங்கலுக்குத்தான் வெளியே வரும். டிராலியாக வெளியே இழுக்கும்படி செய்வதே என் சிபாரிசு. சாய்வு பக்கவாட்டில்தான் இருக்கிறது என்பதால், நேராக வெளியே இழுக்கும்போது எங்கும் இடிக்காது.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் அங்கேயே இருந்தால், அந்தப் பெட்டிக்கு மூடிய கதவு போடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பிடிக்கக்கூடியது. லேசான வாயு என்பதால் மேலே சாய்வின் மூலையில்தான் போய்த் தேங்கும். அந்த இடத்தைத் திறந்தே விடுங்கள், அல்லது கீழும் மேலும் காற்று போக ஜாலி வைத்த கதவு போடுங்கள்.