இரண்டு பக்கம், ஒரே பார்வை

நூலை விரித்துப் பிடித்தால் நம் கண்ணில் படுவது ஒரு பக்கம் அன்று, இரண்டு பக்கங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆண்டு மலர் தயாரிக்க உட்காரும்போது நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம். 12ஆம் பக்கத்தை ஒருவர் தம் கணினியில் முடிப்பார். 13ஆம் பக்கத்தை இன்னொருவர் வேறோர் இடத்தில் முடிப்பார். அச்சாகி வந்த பிறகுதான் அவ்விரண்டும் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்ளும். இடப்பக்கத்தில் மறைந்த ஆசிரியருக்கு அஞ்சலிக் கட்டுரை இருக்கும். வலப்பக்கத்தில் மத்தாப்பு சிதறும் தீபாவளி வாழ்த்து விளம்பரம் இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குறை இல்லை. சேர்த்துப் பார்க்கும் வாசகருக்குத்தான் மனம் சுருங்கும்.

மாணவனாக இருந்தபோது மலர்க் குழுவில் பணியாற்றியவன், இன்று பக்க வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற உரிமையில் இந்த இணைப்பக்கத்தைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்கிறேன். உதாரணத்திற்கு என் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஜொகூர் மாநிலத்தில், முதலாம் கூட்டரசுச் சாலையும் பத்து பகாட்டிலிருந்து குளுவாங் செல்லும் 50ஆம் எண் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆயர் ஈத்தாம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் முன்னர், தெற்கே போகும் பேருந்துகள் இளைப்பாறும் ஊர் அது. சாலையோர மண்பாண்டக் கடைகளுக்குப் பேர் பெற்றது. இவ்வூரைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை அமைக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு எங்கே பிரியும்?

தலைப்பை இரு பக்கத்திற்கும் சேர்த்துப் பெரிதாகப் போடுவது வழக்கம். இவ்விரண்டும் ஒரே கட்டுரை என்று வாசகருக்கு அது உடனே உணர்த்தும். ஆனால் நடு மடிப்பு ஒரு சொல்லுக்குள் விழக்கூடாது. இரு சொற்களுக்கு இடையில்தான் விழ வேண்டும். தமிழில் இது இன்னும் முக்கியம். ‘தோட்டம்’ என்ற சொல்லில் முதல் எழுத்தின் குறிகள் மெய்யின் இரு புறமும் நிற்கின்றன. மடிப்பு இடையில் புகுந்தால் எழுத்தே உடைந்து, கால் தனியாக அடுத்த பக்கத்தில் போய் நிற்கும். ‘ஆயர் ஈத்தாம்’ என்ற பெயர் நமக்கு வசதியானது. ‘ஆயர்’ இடப்பக்கம், ‘ஈத்தாம்’ வலப்பக்கம். நடுவில் உள்ள இயல்பான இடைவெளியில் மடிப்பு அமர்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் தலைப்பை வேறுபடுத்திக் காட்டப் பெரிய எழுத்துகள் உண்டு. தமிழில் அந்த வசதி இல்லை. ஆகவே அளவாலும் தடிமனாலும் சுற்றிலும் விடும் வெற்றிடத்தாலும்தான் தலைப்பை உயர்த்திக் காட்ட வேண்டும்.

மடிப்பின் கணக்கு

நடு மடிப்பு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதை அறிய அச்சகத்திற்குள் செல்வோம். கம்பி அடித்துக் கட்டும் 32 பக்க மலரில், தாளின் ஒரு புறத்தில் அருகருகே அச்சாகும் இரு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வரும். 2ஆம் பக்கத்தோடு 31, 10ஆம் பக்கத்தோடு 23 என்று போகும். உண்மையிலேயே ஒட்டிக்கொண்டு அச்சாகும் இணைப்பக்கம் ஒன்றே ஒன்றுதான்: 16, 17. அதனால்தான் வார இதழ்களில் நடுப்பக்கத்திற்குத் தனி மதிப்பு. மற்ற இணைப்பக்கங்களில் இடப்பாதி ஒரு தாள், வலப்பாதி வேறொரு தாள். மடிப்பதிலும் வெட்டுவதிலும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் ஒட்டாது. மையின் அடர்த்தியும் மாறலாம்.

பசை போட்டு ஒட்டும் தடித்த மலரில் நிலைமை இன்னும் கடினம். பசை பிடிப்பதற்காக முதுகுப்புறத்தைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்துவிடுவார்கள். போதாததற்கு அவ்வகை நூல் முழுமையாக விரியாது. நடுவில் உள்ளது பள்ளத்தில் மறைந்துவிடும்.

இது வெறும் அழகு பற்றிய பேச்சன்று என்பதை நான் என் வீட்டில் கண்டேன். ஆயர் ஈத்தாமுக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அத்தோட்டத்துக் கோயில் திருவிழாவை ஒட்டி வெளிவந்த சிறப்பு மலர் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் பழைய படத்தை இரு பக்கத்திற்கும் நீட்டிப் போட்டிருந்தார்கள். பாட்டி நடுவில் நின்றிருந்தார். இடப்பக்கத்தில் அவர் தோள் தெரிகிறது. வலப்பக்கத்தில் கையில் பிடித்த வாளி தெரிகிறது. முகம் இல்லை. பக்கங்களைக் கழற்றிப் பார்த்தோம். சீவி எடுத்த பகுதியில் அது போய்விட்டிருந்தது. அச்சுக்குக் கொடுத்த மூலப்படம் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் இன்று இரப்பரும் இல்லை, லயங்களும் இல்லை. பாட்டியின் இளவயதுப் படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

நம் ஓலைச்சுவடிகளைப் பாருங்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றிச் சிறிது இடத்தை எழுதாமல் விட்டிருப்பார்கள். கட்டு எங்கே விழும் என்பது எழுதுபவருக்கு முதலிலேயே தெரியும். அந்த அறிவுதான் நமக்கும் வேண்டும். குழுப்படத்தை மடிப்பின் குறுக்கே போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேருக்கு இடையிலான இடைவெளி மடிப்பில் விழுமாறு படத்தை நகர்த்துங்கள். வானம், சாலை, சுவர் போன்றவை மடிப்பில் விழலாம். முகம் விழக்கூடாது.

படங்களும் பார்வையும்

இணைப்பக்கத்தில் ஒரு படம் அரசனாக இருக்க வேண்டும். மற்றவை சிறியதாகத் துணை நிற்க வேண்டும். ஆறு படங்களை ஒரே அளவில் அடுக்கினால் கண் எதிலும் தங்காது. மண்பாண்டக் கடை பெரிய படமானால், பேருந்து நிறுத்தமும் சந்தையும் சிறிய படங்கள் ஆகட்டும். படத்தில் உள்ளவர் உள்நோக்கிப் பார்க்க வேண்டும். வலப்பக்க ஓரத்தில் இருப்பவர் வெளியே பார்த்தால் வாசகரின் கண்ணும் அவரோடு வெளியேறிவிடும். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள் என்பதால் தொடக்கம் இடப்பக்க மேல்முனையில் அமைகிறது. வலமிருந்து இடமாகச் செல்லும் ஜாவி எழுத்து நூல்களில் இவை யாவும் தலைகீழாகும்.

‘ஹார்ப்பர்ஸ் பசார்’ இதழின் பக்கங்களை 1934 முதல் 1958 வரை வடிவமைத்த அலெக்ஸி புரோடோவிச், இணைப்பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒரு விரிப்புக்கு அடுத்தது எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பதே அவர் வழி.

ஓரமும் வரியும்

ஜெர்மானிய அச்சுக்கலைஞர் யான் சிக்கோல்டு பழைய கையெழுத்து நூல்களை அளந்து ஒரு விகிதத்தைக் கண்டார்: உள் ஓரம் 2, மேல் 3, வெளி 4, கீழ் 6. உள் ஓரம் ஏன் வெளியோரத்தில் பாதி? இரு பக்கத்து உள் ஓரங்களும் சேர்ந்தால் 4 ஆகின்றன. விரித்த நூலில் சம அகலமுள்ள மூன்று வெள்ளைப் பட்டைகள் கிடைக்கின்றன. ஆக, பழைய எழுத்தர்களும் இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். பசைக் கட்டு நூலுக்கு மட்டும், மறையும் அளவை உள் ஓரத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ4 பக்கத்தில் மூன்று பத்திகள் அமைத்து இரு ஓரமும் நேராக்கினால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். இரண்டு பத்திகள் போதும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியையும் தாராளமாக விடுங்கள். முக்கியமாக, இரு பக்கத்து வரிகளும் ஒரே மட்டத்தில் ஓடட்டும்.

மலர்க் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளே, மென்பொருளில் எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்துக் காட்டும் வசதியை முதல் நாளே இயக்குங்கள். வேலை முடிந்ததும் எல்லாப் பக்கங்களையும் சாதாரணத் தாளில் அச்சிட்டு, மடித்து, கட்டி, ஒரு மாதிரி நூல் செய்யுங்கள். குழுவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் புரட்டச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு மடிப்பையும் விரல் வைத்துத் திறந்து, அங்கே யாருடைய முகமாவது இருக்கிறதா என்று பாருங்கள். அச்சகத்திற்கு அனுப்புவது அதன் பிறகே நடக்கட்டும்.