கிளட்ச் கம்பிக்கு ஏன் சற்றுத் தளர்வு வேண்டும்?

தஞ்சோங் பகார் ரோட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு மோட்டார்சைக்கிள் முதல் கியரில் நிற்கிறது. இயந்திரம் நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது, பின்சக்கரமோ அசையவில்லை. ஓட்டுநர் இடது கையால் ஒரு பிடியை இழுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பிடி இயக்கும் கருவிதான் கிளட்ச்.

மண்பாதையிலும் சாலையிலும் ஓட யமஹா நிறுவனம் 1968ல் கொண்டுவந்த 246 சிசி 'டிடி-1' போன்ற பழைய வண்டிகளின் கிளட்ச்சில் மின்னணுக் கருவி ஏதும் இல்லை. உராய்வு, சுருள்வில், நெம்புகோல் ஆகிய மூன்றும்தான் அதை இயக்குகின்றன. மூன்றும் நீங்கள் வகுப்பில் படிப்பவையே.

கிளட்ச்சுக்குள் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வகை இயந்திரத்தோடு சுழலும். மற்றது கியர்பெட்டியோடு சுழலும். சுருள்விற்கள் அழுத்தும்போது இரண்டும் ஒன்றாகச் சுழலும். பிடியை இழுத்தால் கேபிள் ஒரு தள்ளுகோலை நகர்த்தும்; அது அழுத்தத்தை விலக்கும்; தட்டுகள் பிரியும்.

ஒரே தட்டு போதாதா? 6 உராய்வுத் தட்டுகளுக்கு 12 பக்கங்கள். அதே சுருள்வில் அழுத்தத்தில் 12 மடங்கு பிடிப்பு கிடைக்கிறது. ஒரே ஒரு பரப்பை வைத்து அந்தப் பிடிப்பைப் பெற 12 மடங்கு வலுவான சுருள்வில் தேவைப்படும். அதை விரல்களால் இழுக்க முடியாது.

இனி, தளர்வுக்கு வருவோம். பிடியை இழுக்கத் தொடங்கும்போது முதல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தூரம் எதுவும் நடக்கக்கூடாது. பிடியின் அடிப்பகுதிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இந்த இடைவெளியை அளக்கலாம். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

தளர்வு அதிகமானால் தட்டுகள் முழுதாகப் பிரியாது. பிடியை இழுத்த பிறகும் வண்டி மெல்ல ஊர்ந்து முன்னேறும். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் இது ஆபத்து. தளர்வே இல்லாவிட்டால் கேபிள் எப்போதும் சுருள்விற்களைச் சற்று இழுத்தபடியே இருக்கும். தட்டுகள் வழுக்கும். மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. கருகிய வாடையும் வரலாம்.

காலப்போக்கில் கேபிள் நீண்டால் தளர்வு கூடும். தட்டுகள் தேய்ந்தால் தள்ளுகோல் வெளிப்பக்கம் நகர்வதால் தளர்வு குறையும். குறைந்தால் வழுக்கல்; வழுக்கினால் வெப்பம்; வெப்பத்தால் மேலும் தேய்மானம்; தேய்ந்தால் தளர்வு இன்னும் குறையும். இந்தச் சுழற்சியைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.

அதனால் பழுதுபார்ப்பவர் முதலில் இயந்திரப் பெட்டியைத் திறப்பதில்லை. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, தளர்வை அளப்பார். பிடியருகே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது திருப்பி, மீண்டும் இறுக்கிச் சோதிப்பார். அது போதாவிட்டால் இயந்திரத்தின் பக்கம் உள்ள திருகைச் சரிசெய்வார். அப்போதும் வழுக்கினால் எண்ணெய், சுருள்வில், தட்டின் தடிமன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த சில கார் எண்ணெய்கள் இந்த ஈரக் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். வண்டி ஊர்ந்தால், வளைந்த எஃகுத் தட்டு காரணமாக இருக்கலாம். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்: ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் விதியும் இதுவே.

சிங்கப்பூரில் '2பி' உரிமம் பெற 18 வயதாக வேண்டும். அதுவரை காத்திருக்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை இழுங்கள். பிறகு பன்னிரண்டு தாள்களை, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கம் நீட்டியிருக்கும்படி அடுக்கி, அதே புத்தகத்தை வைத்து இழுங்கள். எடை மாறவில்லை. உங்கள் கை என்ன சொல்கிறது?